குழந்தை அழுததா?

பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருக்கும் கூட்டத்தில் வயதான பாட்டி ஒருவராவது இருப்பார். கதவு திறந்து நர்ஸ் தலை தெரிந்ததும் மற்றவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்: "பிள்ளை அழுதுச்சாம்மா?" எடை, நிறம், நட்சத்திரம் எல்லாம் அப்புறம்தான். பின்னாளில் குழந்தைக்கு நடை தாமதமானாலோ பேச்சு தாமதமானாலோ டாக்டர் முன்னால் உட்கார்ந்து தாய் சொல்லும் முதல் வரியும் இதுதான்: "பிறந்தப்போ உடனே அழல டாக்டர்."

அந்தப் பாட்டியின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நுரையீரலுக்குள் காற்று போனதா? போன காற்றைக் கண்டு இதயம் தன் வழியை மாற்றிக்கொண்டதா? நுரையீரலும் இதயமும் கூட்டுத்தொழில் தொடங்குவது அந்தச் சில நிமிடங்களில்தான். அதன் பிறகு 70, 80 ஆண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று ஒரு நிமிடம்கூடப் பிரிவதில்லை. பள்ளிப் பாடத்தில் இதயம் ஒரு பாடமாகவும் சுவாசம் வேறு பாடமாகவும் இருப்பது எனக்கு நெடுநாளாக உறுத்தல். இரண்டுக்கும் நடுவில் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் பிறப்பிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

அந்தப் பாடப்புத்தகப் படம் நினைவிருக்கும். இதயத்தின் வலப்பக்கம் நீலம், இடப்பக்கம் சிவப்பு, நடுவில் கனத்த சுவர். உடலெங்கும் சுற்றிக் களைத்த ரத்தம் வலப்பக்கம் வருகிறது. இடப்பக்கம் போக அதற்கு நேர்வழி இல்லை. நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எளிய படம்தான். ஆனால் இது மனிதர்களுக்கு விளங்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் காலென், கீழறைகளுக்கு இடையிலான சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதாகவும் அவற்றின் வழியே ரத்தம் கசிவதாகவும் எழுதிவைத்தார். எல்லோரும் நம்பினார்கள். 1242-இல் கெய்ரோவில் இப்னு அல்-நஃபீஸ் என்ற மருத்துவர் அந்தச் சுவரில் துளையே கிடையாது, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்தில் கிடந்தது. 1924-இல் ஓர் எகிப்திய மருத்துவர் அதைக் கண்டெடுக்கும்வரை இப்னு அல்-நஃபீஸுக்குரிய பெருமை அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்கிடையில் ஐரோப்பாவில் வில்லியம் ஹார்வி 1628-இல் ரத்த ஓட்டத்தை முழுச் சுற்றாக நிறுவிவிட்டார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை மால்பீகி என்ற ஆய்வாளர் 1661-இல் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்.

ஹார்விக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. மூச்சே விடாமல் தாயின் வயிற்றில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் குழந்தை, வெளியே வந்து ஒருமுறை மூச்சு விட்டபின் மூச்சில்லாமல் சிறிது நேரம்கூடப் பிழைக்க முடியாதது ஏன்? 1651-இல் வெளியான நூலில் இதைக் கேட்டுவிட்டுப் போனார். நல்ல கேள்வி. விடை முழுசாகக் கிடைக்க 300 ஆண்டுகள் பிடித்தன.

கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, நீர் இருக்கிறது. பனிக்குடத்து நீர் உள்ளே போயிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நுரையீரல் தானே சுரந்துகொள்ளும் நீர். பலூனுக்குள் ஊதிய காற்றுபோல அந்த நீர் உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருப்பதால்தான் நுரையீரல் ஒழுங்காக வளர்கிறது. ஆக்சிஜன் வேலையை அப்போது கருப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சு பார்க்கிறது. தாயின் ரத்தத்திலிருந்து வாங்கிய ஆக்சிஜன், தொப்புள்கொடியிலுள்ள ஒரே ஒரு சிரை வழியாகக் குழந்தையின் வலது மேலறைக்கு வருகிறது.

அந்த அறையில் நடப்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது. மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் நீள்வட்டமாக ஒரு துளை. இடப்பக்கத்தில் அதை மறைத்து மெல்லிய மடல் ஒன்று. வலப்பக்கமிருந்து தள்ளினால் திறக்கும், இடப்பக்கமிருந்து தள்ளினால் சாத்திக்கொள்ளும். நஞ்சிலிருந்து வரும் நல்ல ரத்தத்தில் பெரும் பங்கு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே இடது மேலறைக்குப் போய், இடது கீழறை வழியாக இதயத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. தலையிலிருந்து திரும்பும் கறுத்த ரத்தமும் அதே வலது மேலறைக்குத்தான் வருகிறது. ஆனால் முந்தையதோடு பெரிதாகக் கலக்காமல் வலது கீழறைக்கு இறங்கிவிடுகிறது. பெரியவரின் கட்டைவிரல் நுனி அளவுகூட இல்லாத அறைக்குள் இரண்டு நீரோட்டங்கள். இருப்பதில் நல்ல ரத்தம் மூளைக்கு.

வலது கீழறை தள்ளும் ரத்தம் நுரையீரல் தமனிக்குள் நுழைந்தாலும் நுரையீரலுக்குள் போக முடிவதில்லை. அங்குள்ள ரத்தக் குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக மட்டுமே உள்ளே கசிகிறது. மீதிக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குட்டையான, அகன்ற ஒரு குழாய். இணைப்புக் குழாய் என்றே அதைச் சொல்வோம். ரத்தம் அதன் வழியே பெருந்தமனிக்குத் தாவி, கீழ் உடலுக்கும் நஞ்சுக்கும் திரும்புகிறது.

கிணற்றில் இரட்டைக் கவலை கட்டி இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே கிணறு, ஒரே வாய்க்கால், இரண்டு பக்கமும் தனித்தனியாக இறைக்கின்றன. கருவின் இதயம் அப்படித்தான். வலக் கீழறையும் இடக் கீழறையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே ரத்தத்தை இறைக்கின்றன. ஒன்று சற்று மெதுவாக இறைத்தாலும் மற்றது ஈடுகட்டிவிடும். பிறந்தபின் இந்தச் சலுகை கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த ஏற்பாட்டில் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் மிகக் குறைவு. நம் தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும். தொப்புள்கொடிச் சிரையில் ஏறக்குறைய 30 தான். எவரெஸ்ட் உச்சியை நெருங்கும் மலையேறிகளின் ரத்தத்தில் காணப்படும் அளவோடு இதை ஒப்பிடுவார்கள். குழந்தை இதில் தாக்குப்பிடிப்பதற்குக் கருவுக்கென்றே உள்ள தனி ஹீமோகுளோபின் முக்கியக் காரணம். அது தாயினுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும்.

பிரசவ வலி தொடங்குகிறது. வலி தாய்க்கு மட்டும் என்று நினைக்கிறோம். குழந்தையின் உடலிலும் அட்ரினலின் பொங்குகிறது. அது நுரையீரல் செல்களுக்கு ஒரு கட்டளை: சுரந்தது போதும், இனி உறிஞ்சு. மாதக்கணக்காக நீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்த செல்கள் எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்குகின்றன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் பஞ்சாங்கம் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, சிசேரியனுக்கு நாளும் நேரமும் குறிப்பது சாதாரணமாகிவிட்டது. மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் சிசேரியன் உயிர் காக்கும். அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் வலியே வராமல், 39 வாரம் நிறையும் முன்பே, நல்ல நேரத்துக்காக எடுக்கப்படும் குழந்தைக்கு அந்த உறிஞ்சும் கட்டளை போய்ச் சேர்ந்திருக்காது. நுரையீரலில் நீரோடு பிறக்கும் குழந்தை வேகவேகமாக மூச்சிறைத்து, பல சமயம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் கழிக்கிறது. நுரையீரல் தயாராகும் நேரம்தான் அதற்கு நல்ல நேரம். டாக்டர் தேதியைத் தள்ளிப்போடச் சொன்னால் தயவுசெய்து கேளுங்கள்.

தலை வெளியே வந்து, உடல் நழுவி, குளிர் காற்று மேலே பட்டதும் குழந்தை ஓர் இழுப்பு இழுக்கிறது. வாழ்நாளின் மிகக் கடினமான மூச்சுகளில் அது ஒன்று. காற்று நுழையும் வேகத்தில் நீர் மூச்சுக்குழல்களிலிருந்து சுற்றியுள்ள திசுக்களுக்குள் தள்ளப்படுகிறது. அடுத்து அழுகை. அழுகை என்பது வெளிமூச்சு. குரல்நாண்களைப் பாதி மூடிக்கொண்டு விடும் வெளிமூச்சு. அப்படி விடுவதால் உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறாமல் கொஞ்சம் தேங்குகிறது. தேங்கிய காற்று நுரையீரலைச் சுருங்கவிடாமல் பிடித்துவைக்கிறது. ஒவ்வோர் அழுகைக்கும் தேங்கும் காற்று கூடுகிறது. பாட்டிகள் சரியான கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள்.

தேங்கிய காற்றால் மட்டும் முடியாது. நுண்காற்றறைகளின் உட்சுவர் ஈரமானது. ஈரம் ஈரத்தை இழுக்கும். நனைந்த பாலித்தீன் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொள்வதுபோல அந்த அறைகள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க சோப்புப் படலம்போல் வழுவழுப்பான ஒரு பூச்சை நுரையீரல் சுரக்கிறது. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். 24-ஆம் வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கி, 34, 35-ஆம் வாரத்தில்தான் போதுமான அளவை எட்டுகிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பதற்கு இதன் பற்றாக்குறையே காரணம் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் என்ற இருவர் அமெரிக்காவில் காட்டினார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்கூட்டிப் பிறந்த மகன் இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். உலகின் மிக வசதியான நாட்டின் தலைவரின் பிள்ளைக்கும் அன்று கொடுக்க மருந்து இல்லை. 1972-இல் நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவப்படும் என்று நிரூபித்தார்கள். "நுரையீரல் வளர ஊசி போட்டாங்க" என்று இன்று நம் வீடுகளில் சொல்கிறார்களே, அந்த ஊசிதான். 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா சர்ஃபாக்டன்டையே 10 குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்திப் பலன் கண்டார்.

சரி, காற்று உள்ளே போய்விட்டது. இனி இதயத்தின் முறை.

இறுகிக் கிடந்த நுரையீரல் ரத்தக் குழாய்கள் ஆக்சிஜனைக் கண்டதும் தளர்கின்றன. அவை இறுகியதும் ஆக்சிஜன் இல்லாததால்தான். இது நுரையீரலுக்கே உரிய குணம். கை கால் தசையில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள குழாய்கள் விரிந்து, கூடுதல் ரத்தத்தை வரவழைக்கும். நுரையீரலில் எதிர்மாறு. ஒரு மூலையில் காற்று வரவில்லையென்றால் அந்த மூலைக்குப் போகும் குழாய் சுருங்கிக்கொள்ளும். காற்றில்லாத இடத்துக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? காற்றுள்ள பக்கம் திருப்பிவிடு. ஸ்வீடனில் வான் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் 1946-இல் பூனைகளில் இதைக் கண்டறிந்தார்கள். கருவிலோ முழு நுரையீரலுமே காற்றில்லாத மூலைதான். அதனால் முழுவதும் மூடிக் கிடக்கிறது. முதல் மூச்சில் அது ஒட்டுமொத்தமாகத் திறக்கிறது. நுரையீரலுக்குள் பாயும் ரத்தம் எட்டு முதல் பத்து மடங்கு வரை பெருகுகிறது.

பெருகிய ரத்தம் நுரையீரலைச் சுற்றி இடது மேலறையில் வந்து குவிகிறது. அங்கே அழுத்தம் ஏறுகிறது. அதே நேரத்தில் கொடி துண்டிக்கப்பட்டதால் நஞ்சிலிருந்து வலது மேலறைக்கு வந்த வரத்து நின்றுவிடுகிறது; அங்கே அழுத்தம் இறங்குகிறது. இதுவரை வலமிருந்து தள்ளித் திறந்திருந்த மடல் இப்போது இடமிருந்து தள்ளப்பட்டுச் சாத்திக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு அது பிறகு சுவரோடு ஒட்டி வளர்ந்துவிடும். நாலில் ஒருவருக்கு ஒட்டாமல் சும்மா சாத்தியபடியே இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க அது தெரிவதே இல்லை.

இணைப்புக் குழாயும் மூட வேண்டும். அதன் சுவரிலுள்ள தசை ஆக்சிஜனைக் கண்டதும் இறுகுகிறது. நுரையீரல் குழாய்களைத் தளர்த்திய அதே ஆக்சிஜன்தான், ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி, இந்தக் குழாயை இறுக்குகிறது. கருவில் இதைத் திறந்து வைத்திருந்தது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். நஞ்சு அதைத் தந்துகொண்டிருந்தது. நஞ்சும் இப்போது இல்லை. மிச்சமிருக்கும் புரோஸ்டாகிளாண்டினை அழிப்பது யார் தெரியுமா? புதிதாக ரத்தம் பாயத் தொடங்கிய நுரையீரல். ஓரிரு நாளில் குழாய் மூடுகிறது. சில வாரங்களில் நார்க்கயிறாகிவிடுகிறது. ஹார்வியின் கேள்விக்கு விடை இதுதான். ஒருமுறை மூச்சு விட்ட குழந்தையின் இதயம் திரும்பிப்போகும் வழிகளை அடைக்கத் தொடங்கிவிட்டது. கொடியும் அறுந்தபின் நுரையீரலைத் தவிர அதற்கு வேறு பாதை இல்லை.

இந்த மாற்றம் ஒரு நொடியில் முடிவதில்லை. பிறந்து ஒரு நிமிடத்தில் நல்ல ஆரோக்கியமான குழந்தையின் ஆக்சிஜன் செறிவும் 60, 65 சதவீதம்தான். 85-க்கு மேல் ஏறப் பத்து நிமிடம்வரை ஆகலாம். கோவிட் காலத்தில் 94-க்குக் கீழே போனாலே பதறிய நமக்கு இந்த எண் திகிலூட்டும். பிரசவ அறையில் இருப்பவர்கள் பதறுவதில்லை. அவர்கள் கவனிப்பது இதயத் துடிப்பை. துடிப்பு நிமிடத்துக்கு 100-க்குக் கீழே இருந்தால், மார்பை அழுத்துவார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சினிமா அப்படித்தான் பழக்கியிருக்கிறது. அவர்கள் செய்வது வேறு. முகமூடியை மூக்கு வாய்மேல் பொருத்தி, ஆம்பு பையைப் பிழிந்து, நுரையீரலுக்குக் காற்று கொடுக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒன்றே போதும். சில மூச்சுகளில் துடிப்பு தானாக ஏறும். மந்தமான இதயத்துக்கு மருந்து நுரையீரலில் இருக்கிறது.

கொடியை எப்போது அறுப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மூச்சு தொடங்கும் முன்பே கொடியைக் கட்டிவிட்டால், இடது இதயத்துக்கு ரத்தம் தந்துகொண்டிருந்த ஒரு வழி அடைபடுகிறது, மறுவழி இன்னும் திறக்கவில்லை. இதயம் சற்று நேரம் வெறுமையில் துடிக்கும். ஆட்டுக்குட்டிகளில் செய்த சோதனைகளில் இதயத் துடிப்பு சட்டென விழுந்தது. மூச்சு தொடங்கியபின் கொடியைக் கட்டியபோது விழவில்லை. குழந்தை நலமாயிருந்தால் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியைக் கட்டுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பழைய மருத்துவச்சிகளில் பலர் நஞ்சு விழும்வரை கொடியைத் தொடமாட்டார்கள்.

இனி இரட்டைக் கவலை இல்லை. கட்டடத்துக்குக் கான்கிரீட் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவார்களே, அந்த மாதிரி. வலது கீழறை நீட்டும் சட்டியை நுரையீரல் வாங்கி இடது கீழறைக்குக் கொடுக்கிறது. யாரும் தனக்கென்று ஒரு வேகம் வைத்துக்கொள்ள முடியாது.

வளர்ந்தவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. வலப்பக்கம் இறைக்கும் 5 லிட்டரும் நுரையீரலுக்கு மட்டும். இடப்பக்கம் இறைக்கும் அதே 5 லிட்டர் உச்சிமுதல் பாதம்வரை. அளவு ஒன்றானாலும் அழுத்தம் வேறு. இடது கீழறை 120 மி.மீ. அழுத்தத்தில் தள்ளுகிறது. வலது கீழறைக்கு 25 போதும். அதனால் அதன் சுவரும் மெல்லியது. நுரையீரலுக்குள் ரத்தத்தையும் காற்றையும் பிரிக்கும் சவ்வு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடத்தில் 120-இல் தள்ளினால் ரத்தத்தின் நீரெல்லாம் காற்றறைக்குள் பீறிடும்.

30 கோடிக்கு மேற்பட்ட நுண்காற்றறைகளையும் விரித்துப் பரப்பினால் 70 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை வீடு. அந்த வீட்டுத் தரை முழுவதும் பரவியிருக்கும் ரத்தம் எந்த நொடியிலும் அரை டம்ளருக்கு மேல் இல்லை. ஏறக்குறைய ஒரு துடிப்பில் வரும் அளவு. அதாவது ஒவ்வொரு துடிப்பும் நுரையீரல் தந்துகிகளில் உள்ள ரத்தத்தை வெளியே தள்ளிவிட்டுப் புது ரத்தத்தை நிரப்புகிறது. ஒரு சிவப்பணு அங்கே தங்குவது முக்கால் நொடி. ஆக்சிஜன் ஏற அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம், கால் நொடி போதும். மீதி அரை நொடி கையிருப்பு. பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது ரத்தம் விரைந்து பாய்ந்து, அந்தக் கையிருப்பு கரைகிறது; அப்போதும் சிவப்பணு வெறுங்கையோடு போவதில்லை.

சட்டி வரிசையில் ஓர் ஆள் தளர்ந்தால்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடத் துடிப்புக்கு ஒரே ஒரு மில்லி கூடுதலாக இறைத்தால் நிமிடத்துக்கு 70 மில்லி; கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர் ரத்தம் நுரையீரலில் தேங்கிவிடும். நமக்கு அப்படி ஆகாததற்குக் காரணம் இதயத் தசையின் ஒரு குணம். கூடுதலாக நிரம்பி விரிந்தால், கூடுதல் வலுவோடு சுருங்கும். ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்கும் பின் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் இதை ஆராய்ந்து சொன்னார்கள். வலப்பக்கம் சற்றுக் கூட்டி அனுப்பினால் அடுத்த சில துடிப்புகளிலேயே இடப்பக்கம் ஈடுகொடுத்துவிடும். மூளையைக் கேட்கவே வேண்டியதில்லை. மாரடைப்பால் இடது கீழறைத் தசை நலிந்துபோனவருக்கு இந்த ஈடுகொடுப்பு முடியாமல் போகிறது. "நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சு" என்கிறோம். படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு தலையணை மூன்றாகும். நடுராத்திரி எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அவரும் வீட்டாரும் சளி என்றும் ஆஸ்துமா என்றும் நினைத்து நாள் கடத்துவதுண்டு. கெட்டிருப்பது இதயம், வெளியே தெரிவது நுரையீரலில்.

பிறப்பில் மூட வேண்டிய அந்த இணைப்புக் குழாய் சிலருக்கு மூடாது. 1938 ஆகஸ்டில் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற 33 வயது அறுவை மருத்துவர், தன் துறைத் தலைவர் ஊரில் இல்லாத சமயம், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டினார். அவள் நலமாக வீடு திரும்பினாள். அதே காலத்தில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் நீலக் குழந்தைகளைக் கவனித்துவந்தார். நுரையீரலுக்குப் போகும் வழி பிறவியிலேயே குறுகியிருப்பதால் ஆக்சிஜனில்லாமல் உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தைகள். டாசிக்குக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தையின் மார்பில் விரல் வைத்து உணர்ந்தே இதயத்தை அறிவார். அவர் ஒன்றைக் கவனித்தார். இந்தக் குழந்தைகளில் பலர் பிறந்ததும் ஓரளவு நன்றாக இருந்து, இணைப்புக் குழாய் மூடியதும் மோசமாகிறார்கள். மூடுவதால் கேடு என்றால், செயற்கையாக ஒன்றைத் திறந்தால் என்ன? முதலில் கிராஸிடம் போனார். குழாயை மூடிப் புகழ்பெற்றிருந்த அவருக்கு இதில் ஆர்வமில்லை. பிறகு அதே மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் இசைந்தார். கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் அந்த அறுவையை நாய்களில் செய்துபார்த்து வழிவகுத்தவர் அவருடைய ஆய்வகத்தில் இருந்த விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர். 1944 நவம்பர் 29 அன்று பதினைந்து மாதக் குழந்தைக்கு முதல் அறுவை நடந்தபோது தாமஸ் பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலிமேல் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். பல ஆண்டுகள் அவர் பெயர் அந்த அறுவையோடு சேர்த்துச் சொல்லப்படவில்லை. 1976-இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே 1970-களில் கத்தியில்லாமலே குழாயைத் திறந்துவைக்கப் புரோஸ்டாகிளாண்டின் சொட்டு மருந்தும், மூட இண்டோமெத்தசினும் வந்துவிட்டன.

டாசிக்கிடம் பயின்றவர்களில் ஒருவர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. 1917-இல் பர்மாவின் மாக்வேயில் பிறந்து ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். பிறகு லண்டன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஹார்வர்டு. நாடு திரும்பி டெல்லியில் இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவரானார். அவரிடம் இதய நோய் என்று வந்த பெண்கள் பலருக்கு இதயத்தின் இடப்பக்கம் நன்றாக இருந்தது, வலப்பக்கம் வீங்கியிருந்தது. பெரும்பாலோர் பீடி சிகரெட் தொடாதவர்கள். 127 நோயாளிகளைப் பற்றி அவர் பதக் என்பவருடன் சேர்ந்து எழுதிய ஆய்வு 1959-இல் அமெரிக்காவின் 'சர்குலேஷன்' இதழில் வந்தது. அவருடைய ஆய்வுகள் கைகாட்டிய குற்றவாளிகளில் ஒன்று, சமையலறைப் புகை.

விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் குனிந்து, ஊதுகுழலால் ஊதி ஊதி, சிறுமிப் பருவத்திலிருந்து விழுங்கிய புகை. அது மூச்சுக்குழல்களைக் கெடுக்கிறது. காற்று போகாத மூலைகள் பெருகுகின்றன. முன்பு சொன்ன குணம் நினைவிருக்கிறதா? காற்றில்லாத மூலைக்குப் போகும் குழாய் இறுகும். ஒரு மூலை என்றால் நன்மை. நுரையீரல் பூராவும் மூலைகளானால் ரத்தத்துக்குப் போக இடமில்லை. 25 மி.மீ. அழுத்தத்துக்கென்று அமைந்த வலது கீழறை 50, 60 என்று தள்ளவேண்டியதாகிறது. தடிக்கிறது, விரிகிறது, சோர்கிறது. பின்னால் தேங்கிய ரத்தத்தால் கல்லீரல் வீங்கும், மாலையானால் பாதம் வீங்கும். அடுப்புப் புகை அந்தப் பெண்களின் கொலுசைக்கூட இறுக்கியது. பத்மாவதி 2020 ஆகஸ்டில், 103 வயதில், கோவிட் இரு நுரையீரலையும் தாக்கி இறந்தார். எரிவாயு அடுப்பு வந்தபின்னும் சிலிண்டர் விலைக்கு அஞ்சி, வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுக்கே திரும்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் இருமிக்கொண்டே இருக்கும் அம்மாவின் கால் வீங்கியிருந்தால் நெஞ்சு டாக்டரிடமும் இதய டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

அந்த இணைப்புக் குழாய்க்கே கடைசியாகத் திரும்புகிறேன். நம் ஒவ்வொருவர் மார்புக்குள்ளும் அது இன்று ஒரு சிறு நார்க்கயிறாக, நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவில் கிடக்கிறது. அதை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. கழுத்திலிருந்து மார்புக்குள் இறங்கி, அந்தக் கயிற்றருகே பெருந்தமனியின் வளைவைச் சுற்றித் திரும்பி, மறுபடியும் தொண்டைக்கு ஏறி, இடது குரல்நாணை அசைக்கும் நரம்பு அது. குறைமாதக் குழந்தையின் மூடாத குழாயைக் கட்டப்போகும் அறுவை மருத்துவர் நூலை எடுக்கும் முன் அந்த நரம்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துக்கொள்கிறார். அதில் கை பட்டுவிட்டால் குழந்தையின் அழுகை கரகரத்துப்போகும்.